கிழமைக்கு எத்தனை நாள் வேலை?

2022 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் இலங்கை அமைச்சரவை ஒரு தீர்மானத்தைச் செய்தது. அரசாங்க உத்தியோகத்தர்களுக்கு வெள்ளிக்கிழமைதோறும் விடுமுறை. இந்த ஏற்பாடு மூன்று மாதங்களுக்கு இருக்கும். கிடைக்கும் அந்நாளில் அவர்கள் தத்தம் வீட்டுத் தோட்டங்களில் மரக்கறி பயிரிட்டு உணவுத் தட்டுப்பாட்டைத் தணிக்க முயல வேண்டும் என்பதே அது. வைத்தியசாலை, மின்சாரம், கல்வி, பாதுகாப்பு முதலிய சேவைகள் இதற்குப் புறம்பாக விடப்பட்டன. அக்காலத்தை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எரிபொருள் நிலையங்களின் முன்னே வண்டிகள் இரவும் பகலும் வரிசையில் நின்றன. முந்திய ஆண்டில் இரசாயன உரத்திற்கு விதிக்கப்பட்ட தடையினால் வயல்களின் விளைச்சல் குன்றியிருந்தது. கந்தோருக்குப் போவதற்குப் பஸ்வண்டி இல்லை. போகாதிருந்தால் அடுப்பிலே வைப்பதற்கு அரிசி இல்லை.

அதே யூன் மாதத்தில் பிரித்தானியாவிலும் ஒரு சோதனை ஆரம்பமாயிற்று. அங்கே 61 நிறுவனங்கள், ஏறத்தாழ 2,900 ஊழியர்களுடன், ஆறு மாத காலத்திற்கு வேலை நேரத்தைக் குறைத்து, சம்பளத்தை மட்டும் குறையாது கொடுக்க முன்வந்தன. சோதனை முடிந்தபோது 56 நிறுவனங்கள் அம்முறையைத் தொடர்ந்து நடத்துவதாகக் கூறின. ஊழியர்களுக்குக் களைப்புக் குறைந்தது. வேலையை விட்டு நீங்குவோர் தொகையும் குறைந்தது.

ஒரே மாதத்தில், கடல்களுக்கு அப்பாலும் இப்பாலும், “நான்கு நாள் வேலை” என்ற ஒரே பெயர் வழங்கியது. ஆனால் ஒன்று இல்லாமையிற் பிறந்தது. மற்றது உழைப்பின் பயன் பெருகியதிற் பிறந்தது. முன்னையதிலே பெற்றோலை மிச்சம் பிடிப்பது நோக்கம். பின்னையதிலே மனிதனை மிச்சம் பிடிப்பது நோக்கம். இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவோரே இவ்விடயத்தைப் பற்றிப் பெரிதும் பேசுகின்றனர். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மூன்று மாதத்தில் வரும் வெள்ளிக்கிழமைகள் பதின்மூன்று. பதின்மூன்று நாள் மண்வெட்டி பிடித்தவன் வெண்டியும் கத்தரியும் காய்ப்பதைப் பார்க்கலாம். ஆனால் கன்றுக்கு நாள்தோறும் தண்ணீர் வேண்டும். கமக்காரனைக் கேட்டிருந்தால் அவன் இதை முதலிலேயே சொல்லியிருப்பான்.

வேலை நேரம் என்பது இயற்கை வகுத்த அளவு அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பஞ்சாலைகளிலே சிறுவர்களும் பெண்களும் நாளொன்றுக்குப் பன்னிரண்டு, பதினான்கு மணி நேரம் உழைத்தார்கள். எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் பொழுதுபோக்கு, எட்டு மணி நேரம் உறக்கம் என ஒரு நாளை மூன்று கூறாக்க வேண்டும் என்று ஆலை முதலாளியான ரொபேட் ஓவன் சொன்னபோது அது பகற்கனவாகவே தோன்றிற்று. 1847 ஆம் ஆண்டிலே தான் பெண்களுக்கும் இளைஞர்க்கும் பத்து மணி நேரம் என்ற வரம்பைப் பிரித்தானியப் பாராளுமன்றம் விதித்தது. முதலாம் உலகப் போர் முடிந்து, 1919 இல் வாசிங்டன் நகரிற் கூடிய சர்வதேசத் தொழில் மகாநாடு தன் முதலாவது சமவாயமாக நாளுக்கு எட்டு மணி, வாரத்திற்கு 48 மணி என்பதை ஏற்றுக்கொண்டது. 1926 இல் மோட்டார் வண்டி செய்யும் என்றி போர்ட் தம் தொழிற்சாலைகளில் ஐந்து நாள் வாரத்தைக் கொண்டுவந்தார். அவர் அதனைத் தருமமாகச் செய்யவில்லை. ஓய்வில்லாத தொழிலாளிக்கு மோட்டார் வண்டி எதற்கு என்பது அவர் கணக்கு. 1936 இல் பிரான்சு தேசத்தில் லியோன் புளூம் தலைமையிலான அரசாங்கம் 40 மணி வாரத்தைச் சட்டமாக்கிற்று. நம் நாட்டிலே 1954 ஆம் ஆண்டின் கடை, கந்தோர் ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்திற்கு 45 மணி என வரையறுத்தது. ஒவ்வொரு படியிலும் தொழில் அழிந்துவிடும் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். தொழில் அழியவில்லை.

ஆனால் வேலை நாட்களை மாற்றியமைப்பதிலே இலங்கைக்குச் சொந்தமான ஓர் அனுபவம் உண்டு. அது இப்போது ஏறத்தாழ மறக்கப்பட்டுவிட்டது. 1966 ஆம் ஆண்டு முதல் 1971 வரை இந்நாட்டிலே சனி, ஞாயிறு என்பன விடுமுறை நாட்களாக இருக்கவில்லை. டட்லி சேனாநாயக்கா பிரதமராக இருந்த காலத்தில், பூரணை, அமாவாசை, இரண்டு அட்டமிகள் ஆகிய நான்கு போயா தினங்களும் வார விடுமுறையாக்கப்பட்டன. போயாவுக்கு முந்திய நாள் அரைநாள் வேலை. ஞாயிற்றுக்கிழமை மற்றைய நாட்களைப் போல வேலைநாளாயிற்று.

சந்திரன் ஒருமுறை தேய்ந்து வளர்வதற்கு ஏறத்தாழ 29 1/2 நாள் செல்லும். அதனை நான்காற் பிரித்தால் ஏழு நாளும் சில மணியும் வரும். ஆகவே ஒரு போயாவுக்கும் மறு போயாவுக்கும் இடையே சிலவேளை ஏழு நாள், சிலவேளை எட்டு நாள் என இடைவெளி மாறிக்கொண்டேயிருந்தது. அடுத்த விடுமுறை செவ்வாயா வியாழனா என்பதை அறியக் கலண்டரையே நோக்க வேண்டியதாயிற்று. வெளிநாட்டு வங்கிகளும் கப்பற் கம்பனிகளும் ஞாயிறன்று மூடியிருக்க, கொழும்பிலே கந்தோர்கள் திறந்திருந்தன. அவர்கள் திங்கட்கிழமை திறக்கும்போது இங்கே போயா வந்துவிடும். கிறித்தவ மக்கள் ஞாயிறு வழிபாட்டை வேலைக்கு முன்னரோ பின்னரோ வைத்துக்கொள்ள நேர்ந்தது. பலர் கவனியாத ஒரு கணக்கும் இதில் உண்டு. ஆண்டுக்கு ஞாயிறு 52. போயா 49 அல்லது 50. சமய மரியாதைக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு தொழிலாளியிடமிருந்து ஆண்டுக்கு இரண்டு மூன்று ஓய்வுநாட்களைச் சத்தமின்றி எடுத்துக்கொண்டது. 1971 இல் சனி ஞாயிறு முறை மீண்டது. பூரணைப் போயா மட்டும் பொது விடுமுறையாக நிலைத்தது.

இதற்கு எதிர்மாறான ஒரு சோதனை சோவியத்து உருசியாவிலே 1929 இல் நடந்தது. இயந்திரங்கள் ஒருநாளும் ஓயக்கூடாது என்பதற்காகத் தொழிலாளரை ஐந்து கூட்டமாகப் பிரித்து, நான்கு நாள் வேலை, ஐந்தாம் நாள் ஓய்வு என ஒவ்வொரு கூட்டத்துக்கும் வேறுவேறு நாளைக் கொடுத்தார்கள். கணக்கின்படி தொழிலாளிக்கு முன்னிலும் அதிக ஓய்வு. ஆயினும் கணவனுக்கு ஓய்வு கிடைக்கும் நாளிலே மனைவி ஆலையில். தாய்க்கு ஓய்வு கிடைக்கும் நாளிலே பிள்ளை பள்ளியில். நண்பரோடு கூடியிருக்கவும் நாள் இல்லை. மக்கள் வெறுத்தார்கள். 1931 இல் அது ஆறு நாள் வாரமாக மாற்றப்பட்டது. 1940 இல் ஏழு நாள் வாரமே திரும்பி வந்தது. ஓய்வின் அளவு எவ்வளவு முக்கியமோ, அது யாரோடு சேர்ந்து கிடைக்கிறது என்பதும் அவ்வளவு முக்கியம் என்பதை இவ்விரண்டு வரலாறுகளும் காட்டுகின்றன. 2022 இன் வெள்ளிக்கிழமைத் திட்டத்திலும் பாடசாலைகள் புறம்பாக விடப்பட்டிருந்தன. தந்தை வீட்டில் இருக்கும் நாளிலே பிள்ளை வகுப்பறையில் இருந்திருக்கும். எரிபொருள் இல்லாமையால் அவ்வாண்டு பாடசாலைகளே வாரத்தில் மூன்று நாள் மட்டும் நடந்த காலமும் வந்தது. அது வேறு துன்பம்.

வேலை நேரத்தைக் குறைத்தால் வேலையும் அதே அளவுக்குக் குறையும் என்பதே சாதாரண மனிதனின் எண்ணம். ஐந்து நாளில் நூறு மூட்டை சுமப்பவன் நான்கு நாளில் எண்பது மூட்டைதானே சுமப்பான்? இவ்வெண்ணம் முழுவதும் சரியன்று என்பது முதலாம் உலகப் போரின்போது தெரியவந்தது. பிரித்தானிய ஆயுதத் தொழிற்சாலைகளிலே ஞாயிறும் ஓய்வின்றி, வாரத்திற்கு எழுபது மணிக்கு மேலாகவும் மக்கள் உழைத்தனர். குண்டுகள் போதவில்லை, ஆகவே இன்னும் கூடுதலாக உழைக்க வேண்டும் என்றனர் அதிகாரிகள். 1915 இல் நியமிக்கப்பட்ட ஆயுதத் தொழிலாளர் சுகாதாரக் குழு ஒன்று இதனை ஆராய்ந்தது. கூடுதலான மணி நேரங்கள் கூடுதலான குண்டுகளைத் தரவில்லை; ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கொடுத்த இடங்களில் உற்பத்தி குறையவில்லை எனக் கண்டது. அக்குழு சேர்த்த கணக்குகளை ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர் மறுபடியும் ஆராய்ந்த பொருளியலாளர், வாரத்திற்கு ஏறத்தாழ ஐம்பது மணி நேரத்தைத் தாண்டிய பின் ஒவ்வொரு மணியின் பயனும் விரைவாகத் தேய்கின்றது என முடிவு செய்தனர். களைத்த கை தவறு செய்யும்; தவறிய பொருளை மீண்டும் செய்ய வேண்டும்; சிலவேளை கையே போய்விடும்.

1974 ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி முதல் மார்ச்சு 7 ஆந் திகதி வரை பிரித்தானியாவில் நிலக்கரித் தட்டுப்பாட்டினால் பெரும்பாலான தொழில்களுக்கு வாரத்தில் மூன்று நாள் மட்டுமே மின்சாரம் கிடைத்தது. நாட்கள் ஐந்திலிருந்து மூன்றாகக் குறைந்தும் உற்பத்தி அந்த விகிதத்தில் வீழவில்லை. கிடைத்த மூன்று நாளை வீணாக்காமல் உழைத்தார்கள் என்பது ஒரு காரணம். முன்னர் ஐந்து நாளிலும் ஓரளவு நேரம் வீணாய்ப் போயிருந்தது என்பது மற்றொரு காரணம். இந்த இரண்டாவது காரணத்தை எந்தக் கந்தோரிலும் காலை பத்து மணிக்குத் தேநீர் வரும்போது சென்று பார்ப்பவர் மறுக்கமாட்டார்.

ஆயினும் எல்லா வேலையும் இவ்வாறு சுருங்கக் கூடியதன்று. கடிதம் எழுதுபவர் ஆறு மணி நேர வேலையை ஐந்து மணி நேரத்திற் செய்துவிடலாம். வைத்தியசாலைத் தாதி ஒருவர் இரவு முழுவதும் நோயாளியின் அருகே இருக்க வேண்டிய வேலையை எப்படிச் சுருக்குவது? அங்கே நேரமே வேலை. ஒரு வாரத்திற்கு 168 மணி. விடுதியில் ஓரிடத்தில் எந்நேரமும் ஒருவர் நிற்க வேண்டுமாயின், ஆளுக்கு 48 மணி வேலை என்றால் மூன்றரைப் பேர் தேவை. 40 மணி என்றால் நான்கு பேருக்கு மேல். 32 மணி என்றால் ஐந்து பேருக்கு மேல். பத்து இடங்கள் உள்ள பெரிய விடுதிக்கு முதலாவது முறையில் 35 பேர் போதும். கடைசி முறையில் 53 பேர் வேண்டும். அவர்களுடைய சுகவீன விடுமுறை இதிற் சேரவில்லை.

சுவீடன் தேசத்துக் கோத்தன்பர்க் நகரிலே முதியோர் இல்லம் ஒன்றில் 2015, 2016 ஆம் ஆண்டுகளில் இதையே செய்து பார்த்தனர். 68 தாதியர் சம்பளக் குறைவின்றி நாளுக்கு ஆறு மணி நேரம் வேலை செய்தார்கள். அவர்களுக்கு நோய் குறைந்தது. முதியோரோடு பேசவும் நடக்கவும் அவர்களுக்குத் தெம்பு இருந்தது. ஆனால் குறைந்த நேரத்தை நிரப்ப 17 பேரைப் புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது. சோதனை நல்லது என்று ஒப்புக்கொண்ட நகரசபை, செலவு தாங்காது என்று அதை நிறுத்திவிட்டது. ஐசுலாந்திலே 2015 முதல் 2019 வரை 2,500 பேருக்கு மேற்பட்ட அரசாங்க, நகரசபை ஊழியரைக் கொண்டு நடத்திய சோதனைகள் வெற்றி எனப் பேசப்படுகின்றன. அது உண்மையே. ஆனால் அங்கே குறைக்கப்பட்டது ஒரு முழு நாள் அன்று; 40 மணி வாரம் 35 அல்லது 36 மணியாயிற்று, அவ்வளவுதான். பத்திரிகைகள் அதனை நான்கு நாள் வாரம் என்று எழுதிவிட்டன.

இன்னொரு வகை ஏற்பாடும் உண்டு. மணி நேரத்தைக் குறைக்காமல் நாளை மட்டும் குறைப்பது. அதாவது நாளுக்குப் பத்து மணி வீதம் நான்கு நாள். அமெரிக்காவின் யூற்றா மாநிலம் 2008 இல் தன் அரசாங்க ஊழியருக்கு இதனை விதித்து, வெள்ளிக்கிழமையிற் கந்தோர்களை மூடியது. மின்சாரமும் பெற்றோலும் மிஞ்சும் என்பது எதிர்பார்ப்பு. ஊழியர் பலர் விரும்பினர். ஆனால் மிச்சம் எதிர்பார்த்த அளவு வரவில்லை. வெள்ளிக்கிழமை வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிய பொதுமக்கள் முறையிட்டனர். 2011 இல் அத்திட்டம் கைவிடப்பட்டது.

நம் நாட்டிற்கு இம்முறையீடு புதிதன்று. நெடுந்தீவிலே வாழும் ஒருவர் காணி உறுதி பற்றியோ ஓய்வூதியம் பற்றியோ யாழ்ப்பாணத்துக்கு வர வேண்டுமானால், விடியற்காலையிலே படகேறிக் குறிகட்டுவானில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். காற்று மாறினால் படகு இல்லை. அவருக்கு வாரத்திலே கந்தோர் திறந்திருக்கும் நாட்கள் ஐந்தல்ல. கடலும் பஸ்ஸும் பொறுப்பான உத்தியோகத்தரும் ஒன்றுசேரும் நாட்கள் மட்டுமே. அவற்றிலும் ஒன்றைக் குறைத்தால் உத்தியோகத்தருக்குக் கிடைக்கும் ஓய்வுக்கு அத்தீவுவாசியே விலை கொடுக்கின்றார். ஊழியர் பாதிப்பேர் திங்களும் மறுபாதியினர் வெள்ளியும் ஓய்வெடுக்க, கந்தோர் ஐந்து நாளும் திறந்திருப்பது இதற்கு ஒரு பரிகாரம். அதற்கு ஒருவர் வேலையை மற்றவர் அறிந்திருக்க வேண்டும். அலுமாரித் திறப்பு ஒருவரிடம் மட்டும் இருக்கும் கந்தோரில் அது நடவாது.

மலையகத்துக்கு வருவோம். தேயிலைச் செடிக்குக் கலண்டர் தெரியாது. ஏழெட்டு நாளுக்கு ஒருமுறை கொழுந்தை எடுக்காவிட்டால் இலை முற்றிவிடும். பறித்த கொழுந்தும் தொழிற்சாலையில் அன்றே வாட்டத்துக்குப் போடப்பட வேண்டும். அங்கே கூலி நாளுக்கு உரியது. 2021 இல் அது 1,000 ரூபாய் என விதிக்கப்பட்டது. குறித்த நிறைக்குக் கொழுந்து இல்லையென்றால் அரைப்பேர். ஞாயிற்றுக்கிழமைகளிலும் கைக்காசுக்குப் பறிக்கப் போகும் பெண்கள் உண்டு. இவர்களிடம் சென்று, இனி வாரத்துக்கு நான்கு நாள் வேலை என்று சொன்னால், அவர்கள் அதனை விடுமுறை என்று விளங்கிக்கொள்ள மாட்டார்கள். இரண்டு நாட்கூலி போயிற்று என்றே விளங்கிக்கொள்வார்கள். அவர்கள் விளக்கமே சரி. மாதச் சம்பளக்காரருக்கு நாள் குறைந்தாலும் சம்பளம் குறையாது. நாட்கூலிக்காரருக்கு நாளே சம்பளம். மேசன், ஓட்டோச் சாரதி, சந்தையிலே மரக்கறி விற்பவர், கரைவலை இழுப்பவர் எல்லோரும் இந்தப் பக்கத்திலேயே நிற்கின்றனர்.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து பற்றில் கிறீக் என்ற ஊரில், காலையுணவுத் தானியம் செய்யும் கெலொக் கம்பனி 1930 இல் எட்டு மணி வேலையை ஆறு மணியாக்கிற்று. மூன்று முறைக்குப் பதிலாக நான்கு முறை. ஆகவே வேலையற்றிருந்த நூற்றுக்கணக்கானோர்க்கு வேலை கிடைத்தது. அக்காலத்தில் அமெரிக்காவெங்கும் வேலையின்மை தலைவிரித்தாடியது. போர் முடிந்த பின் ஆண் தொழிலாளர் பலர் அதிக சம்பளத்துக்காக எட்டு மணி வேலைக்குத் திரும்பினர். பெண்கள் பெரும்பான்மையாக இருந்த பகுதிகளே ஆறு மணியை விடாது பற்றியிருந்தன. கடைசிப் பகுதி 1985 இல் விட்டுக்கொடுத்தது. பெண்கள் ஏன் பற்றியிருந்தார்கள் என்பதை அறிய மிச்சிகனுக்குப் போக வேண்டியதில்லை. தொழிற்சாலையில் எட்டு மணி உழைத்த பெண்ணுக்கு வீட்டிலும் சமையல், துணி துவைத்தல், பிள்ளை பராமரிப்பு என இன்னொரு வேலைநாள் காத்திருக்கின்றது. வாரத்தில் ஒரு நாள் குறைந்தால் அவளுக்கு ஓய்வு கிடைக்குமா, அல்லது வீட்டு வேலைக்கு ஒரு நாள் கூடுமா என்பது சட்டத்தினால் மட்டும் தீரும் கேள்வியன்று. மூன்று நாள் வீட்டிலிருக்கும் கணவன் மூன்று நாளும் தேநீர் கேட்டால் வேலை கூடத்தான் செய்யும்.

ஆகவே இலங்கையிலே வேலை வாரத்தைக் குறைப்பதானால் எங்கே தொடங்குவது? பிரித்தானியாவில் முன்வந்த 61 நிறுவனங்களும் தாமே விரும்பி வந்தவை. விரும்பாதவை சோதனைக்கு வரவில்லை. அவற்றின் வெற்றியை எல்லாத் தொழிலுக்கும் அளவுகோலாக்க முடியாது. இங்கே மேசையில் வேலை செய்வோர்க்கு ஒரு நாளைக் குறைப்பது எளிது, செலவும் குறைவு, ஆதலால் பேச்செல்லாம் அவர்களைச் சுற்றியே நடக்கின்றது. ஆனால் களைப்பு அதிகமாக உள்ள இடம் மேசையன்று. நெடுந்தூர பஸ்ஸை இரவிரவாக ஓட்டும் சாரதி கண்ணயர்ந்தால் அவரோடு ஐம்பது பேர் பள்ளத்தில் விழுகின்றனர். ஆடைத் தொழிற்சாலையில் ஏற்றுமதித் தவணை நெருங்கும்போது மேலதிக நேரம் ஏறிக்கொண்டே போகின்றது; அம்மேலதிக நேரத்தை நிறுத்தினால் அப்பெண்ணின் ஊருக்கு அனுப்பும் காசும் நிற்கின்றது. இவர்களுக்கு முதலில் வேண்டியது நாற்பது மணி நேரத்துக்குக் குடும்பம் நடத்தப் போதிய கூலி. அது இருந்தால் நேரத்தைக் குறைப்பது பற்றி அவர்களே பேசத் தொடங்குவார்கள்.

1954 இல் எழுதிய 45 மணி என்ற வரம்பையே இன்னும் அனுபவியாதவர் உண்டு. தனியார் காவற் சேவைகளிலே பன்னிரண்டு மணி முறை சாதாரணம். மாற்றாள் வராவிட்டால் அடுத்த பன்னிரண்டு மணியும் அவரே. கந்தோர்கள் பூட்டிக் கிடக்கும் விடுமுறை நாட்களிலும், படலையருகே ஒரு கதிரையில், சீருடையோடு ஒருவர் காலை ஆறு மணிக்கு வந்து அமர்ந்து மாலை ஆறு மணிக்கு எழுந்து போகின்றார். கந்தோர் மூடியிருப்பதனால் அவருக்கு வேலை குறைவதில்லை. யாரும் வராத இடத்தைக் காப்பதற்கே அவரை வைத்திருக்கின்றார்கள்.